பப்பாளித் தாயாருக்கு ஒரு டிக்கெட்

சம்லிக்குக் காலி இருக்கையைக் கண்டாலே ஆகாது. பாங்காக்கின் சிவப்புப் பேருந்தில் முப்பத்தொரு வருடம் டிக்கெட் கிழித்தவள். படியில் ஒருவர் தொங்கிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு ஜாண் இடம் சும்மா கிடந்தால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். டிக்கெட் குழலை டக் டக்கென்று தட்டி, "உள்ள நகருங்க, உள்ள நகருங்க, இடம் இருக்கு!" என்று கத்துவாள். அந்தக் குரலுக்கு நகராத ஆளை அந்தத் தடத்தில் யாரும் பார்த்ததில்லை. சம்லியின் குரல் கேட்டு ஒருமுறை பக்கத்துப் பேருந்தில் இருந்தவர்களும் நகர்ந்தார்கள் என்று ஓட்டுநர் பிரசோப் சொல்வார். பிரசோப் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும்.

இந்த அரிப்பு பேருந்தோடு நின்றிருந்தால் கதையே இல்லை. ஜன்னலுக்கு வெளியேயும் அவளுக்குக் காலி இடங்கள் கண்ணில் பட்டன. செடி செத்துப்போய் சிகரெட் துண்டு மட்டும் வளரும் சிமெண்ட் தொட்டிகள், கால்வாய் ஓரத்துக் குப்பைமேடு, மேம்பாலத்துக்கு அடியில் யாருக்கும் சொந்தமில்லாத மண்பட்டை. இத்தனை பேர் பசியோடு போய்வரும் ஊரில் இவ்வளவு இடம் வெட்டியாகக் கிடக்கிறதே என்று அவளுக்குக் கோபம் கோபமாக வரும்.

டிக்கெட் குழல் என்பது முழங்கை நீளத் தகரக் குழல். உள்ளே சில்லறைக்கும் டிக்கெட் சுருளுக்கும் தனித்தனி அறைகள். கடைசி அறையில் சம்லி விதை வைத்திருந்தாள். அவசரத்தில் சில்லறையோடு நாலு மிளகாய் விதையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, "விதைய மட்டும் திருப்பிக் குடுங்க" என்று பயணியின் பின்னால் ஓடியதும் உண்டு. நடுவதற்கு அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. மூன்று நிமிடச் சிவப்பு விளக்கு என்றால் மிளகாய், ஐந்து நிமிடம் என்றால் எலுமிச்சங்கன்று. விளக்கு சிவந்ததும் பின்படியில் குதிப்பாள். பிரசோப்பின் திருப்புளியால் மண்ணில் குத்துவாள். விதையைப் போட்டு, பயணிகள் மிச்சம் வைத்த பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு, பச்சை விழுவதற்குள் படியில் நிற்பாள். அந்தத் திருப்புளியைத் திருப்பித் தருவதாகச் சொல்லிப் பதினாறு வருடம் ஆகிறது.

"ஊர்ல நிலமிருக்குல்ல, அங்க போய் நடறதுதானே?" என்று பிரசோப் கேட்பார்.

"சேத்துல கால் வைக்கக் கூடாதுன்னுதானே அண்ணே பஸ்ஸுல ஏறினேன்!" என்பாள். உண்மைதான். சொந்த ஊரான ரோய் எட் பக்கத்து நெல்வயலை அவள் ஒரு நாளும் நினைத்து ஏங்கியதில்லை. செருப்புக் கால் அழுக்காகாமல் விவசாயம் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இப்படியே தடம் முழுக்கக் காய்த்தது. புறப்படும் நிறுத்தத்துச் சிமெண்ட் தொட்டியில் மிளகாய். கால்வாய்ப் பம்பு அறைக்குப் பின்னால் எலுமிச்சை. பாலத்தடியில், எப்போதோ தேர்தலில் நின்று தோற்றுப்போன ஒருவரின் விளம்பரப் பலகையை யாரும் கழற்றவில்லை. அதில் காராமணியை ஏற்றிவிட்டாள். வேட்பாளரின் மூக்கைச் சுற்றிக் கொடி படர்ந்து, காதோரம் காய் தொங்கியது. போக்குவரத்துப் போலீஸ் கூண்டைச் சுற்றிச் சின்னத் தக்காளி. மேலதிகாரி யாரோ நட்டது என்று நினைத்து அந்தப் போலீஸ்காரர் தினமும் விறைப்பாக நின்று தண்ணீர் ஊற்றினார். யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். ஆட்கள் பறித்தார்கள். தன் மிளகாயை யாரோ திருடுகிறார்கள் என்று தெரிந்தால் சம்லிக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம்.

பப்பாளி மட்டும் தங்கவில்லை. விரைவுச்சாலைத் தூண்களுக்கு நடுவே, ஐந்து நிமிடச் சிக்னல் பக்கத்தில், நாலு முறை நட்டாள். நாலு முறையும் இடுப்பளவு வந்ததும் புல்வெட்டும் ஆட்கள் வந்து, புல்லோடு புல்லாக அறுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்களின் மேஸ்திரி தவி கெட்டவனல்ல. மிஷினை முடுக்கிவிட்டால் அவனுக்குப் புல்லும் ஒன்றுதான், பப்பாளியும் ஒன்றுதான்.

ஐந்தாவது கன்று இடுப்பளவு வந்தது ஒரு பிப்ரவரியில். சம்லிக்கு அந்த வருடம் அறுபது. செப்டம்பர் முப்பதோடு ஓய்வு. அதற்குப் பிறகு அந்தத் தடத்தில் நடத்துநரே கிடையாது. அட்டையைக் காட்டினால் பீப் என்று கத்தும் புதுப் பேருந்துகள் வரப்போகின்றன. பணிமனைச் சாப்பாட்டுக்கூடத்தில் ஒருநாள் எல்லோரும் இதைப் பேசி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது, சம்லி எழுந்து வாயை விட்டாள்.

"கடைசி நாள் அன்னிக்கு நான் ஒரு உரல் சோம் தம் இடிக்கப்போறேன். மிளகாய், எலுமிச்சை, காராமணி, தக்காளி, பப்பாளி, எல்லாம் நம்ம ரூட்டுல காய்ச்சது. சந்தையில ஒண்ணு வாங்க மாட்டேன்."

"பஸ் புகைல வளந்ததா? சாப்பிட்டா வாயில டீசல் வராதா?" என்றாள் ஒருத்தி. கூடமே சிரித்தது.

சம்லியும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு அது விளையாட்டில்லை. முப்பத்தொரு வருடம் அந்தச் சாலையில் போய்வந்ததற்கு அடையாளமாக அவள் விட்டுப்போவது என்ன? கிழித்த டிக்கெட். அதையும் மாலையில் கூட்டித் தள்ளிவிடுவார்கள். தன் தடத்துக்கு ஒரு ருசி உண்டு என்று அந்த நாக்குகளுக்குக் காட்டிவிட்டுப் போக வேண்டும். அதற்குப் பச்சைப் பப்பாளி வேண்டும். பச்சைப் பப்பாளியைச் சீவி உரலில் போட்டு இடிக்கும் காரக் கலவைதானே அது, பப்பாளி இல்லாமல் சோம் தம் ஏது?

அதனால்தான் அந்தக் கன்றுக்குத் துணி கட்டினாள். மூன்று வண்ணத் துணி சுற்றியிருந்தால் அந்த மரத்தில் தெய்வம் குடியிருக்கிறது என்று அர்த்தம்; அதை இந்த ஊரில் எவனும் தொடமாட்டான். சாலையை அகலப்படுத்த வந்தவர்களே அப்படியொரு மரத்தைச் சுற்றிச் சாலையை வளைத்துக்கொண்டு போனதை அவள் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள். ஊதுபத்திக் கடையில் ஒரு துணி வாங்கி, ஒரு சிவப்பு விளக்கு நேரத்தில் பப்பாளியின் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

அடுத்த வாரம் தவி மிஷினோடு வந்தான். துணியைப் பார்த்தான், மிஷினை அணைத்தான், தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டான், போய்விட்டான். பேருந்திலிருந்து இதைப் பார்த்த சம்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்றாவது வாரம் மரத்தடியில் உறிஞ்சுகுழல் செருகிய சிவப்புச் சோடா ஒன்று படையலாக இருந்தது. அப்புறம் பத்து. அப்புறம் பட்டுப் பாவாடை, கண்ணாடி வளையல், ஒரு ஜோடி மண் வரிக்குதிரை. லாட்டரி விற்கும் ஜியாப் தன் பலகையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்து உட்கார்ந்தாள். தண்டில் பவுடரைத் தேய்த்து, தெரியும் கோடுகளில் லாட்டரி எண் தேடினார்கள். யாருக்கோ கடைசி இரண்டு எண் விழுந்தது. அன்றிலிருந்து அது பப்பாளி மரமில்லை, பப்பாளித் தாயார். துணிக்கு மேல் துணியாகப் பதினோரு துணிகள் ஏறின. சம்லியின் முதல் துணி எங்கோ அடியில் போய்விட்டது.

ஆகஸ்டில் தாயார் காய்த்தார். காய்த்தார் என்றால் சாதாரணமாக இல்லை. கழுத்தைச் சுற்றி இருபது, இருபத்தைந்து காய், ஒவ்வொன்றும் குழந்தைத் தலை பருமன். ஒருத்தர் தொடவில்லை. பழுத்து விழுந்த முதல் பழத்தை இரண்டு கையாலும் ஏந்தி, பீடத்தில் வைத்து, மேலே தங்க ரேக்கு ஒட்டினார்கள். அது தங்க ரேக்கோடேயே அழுகியது. ஜன்னலில் நின்று பார்த்த சம்லிக்கு வயிறு எரிந்தது.

செப்டம்பரில் ஒருநாள் சிக்னல் விழுந்ததும் இறங்கினாள். நேரே மரத்திடம் போய்க் கையை நீட்டினாள்.

"அக்கா! என்ன காரியம் பண்றீங்க?" ஜியாப் அலறினாள்.

"எறும்பு ஊருது. தட்டிவிடறேன்" என்று சொல்லிவிட்டுச் சம்லி பேருந்துக்கு ஓடிவந்தாள். ஆனால் அவள் ஓடிவந்தது ஜியாப்புக்குப் பயந்து அல்ல. ஜியாப் கத்துவதற்கு முன்பே கை பாதியில் நின்றுவிட்டது. அதை அவள் பிரசோப்பிடம்தான் சொன்னாள்.

பிரசோப்புக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "துணி கட்டினது நீதானே? உள்ள யாரு இருக்கா, யாரு இல்லன்னு உனக்குத் தெரியாதா?"

"கட்டறப்ப யாருமில்ல அண்ணே. ஆனா வீட்டைக் கட்டி, பாவாடை வாங்கி வச்சு, தினம் சோடா குடுத்தா, இவ்வளவு நாள்ல யாராச்சும் குடி வந்திருக்க மாட்டாங்களா?"

பிரசோப்பின் சிரிப்பு நின்றது.

"அப்ப நீங்க பறிச்சுக் குடுங்க" என்றாள் சம்லி.

"நான் ஸ்டியரிங் புடிக்கிறவன். எனக்கு எதுக்கு வம்பு?"

செப்டம்பர் முப்பது வந்தது. காலை நடைகளிலேயே மற்றதெல்லாம் சேர்ந்துவிட்டது. தொட்டியில் மிளகாய், பம்பு அறையில் எலுமிச்சை, வேட்பாளரின் காதிலிருந்து காராமணி. தக்காளியைப் போலீஸ்காரரே பறித்துக் கொடுத்தார், யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு. பூண்டும் சர்க்கரையும் ஊறவைத்த மீனும் சிக்னலில் முளைக்காது என்பதால், அவற்றை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள். உரல் பணிமனையில் காத்திருந்தது. பப்பாளி இல்லை. மதியம் புறப்பட்டது அவளுடைய கடைசி நடை.

முன் இருக்கையில் ஒரு வயதான பிக்கு உட்கார்ந்திருந்தார். சம்லி தள்ளி நின்று கும்பிட்டு, விஷயத்தைச் சொன்னாள். "சாமி, நீங்க வந்து அந்தத் துணிய அவுத்துக் குடுத்தா பாவம் வராதில்ல?"

"கட்டறப்ப என்னைக் கேட்டியாம்மா?" என்றார் பிக்கு. "கட்டின கைதான் அவுக்கணும்."

சிக்னல் சிவந்தது. சம்லி ஊதுபத்தியோடு இறங்கினாள். ஜியாப்பும் பத்துப் பன்னிரண்டு பக்தர்களும் பார்த்துக்கொண்டிருக்க, ஊதுபத்தியைக் கொளுத்தி மரத்தின் முன்னால் முட்டி போட்டாள். குரல் எட்டுத் தெருவுக்குக் கேட்கும் குரல். கும்பிடும்போதும் அதைத் தணிக்க அவளுக்குத் தெரியவில்லை.

"தாயாரே, நீங்க யாரு, எந்த ஊரு, எனக்குத் தெரியாது. இந்த வீட்டை முதல்ல கட்டினவ நான். புல்வெட்டி மிஷினுக்குப் பயந்து ஒரு பொய்த் துணி கட்டினேன். நீங்க வருவீங்கன்னு நினைக்கல. தப்பு என்னோடதுதான், மன்னிச்சுக்குங்க."

பக்தர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜியாப் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு சொல்றேன். என் வண்டில பிக்குக்கும் கைக்குழந்தைக்கும்தான் டிக்கெட் இல்ல. நீங்க ரெண்டும் கிடையாது. எட்டு மாசமா ஓசில உக்காந்திருக்கீங்க. உங்க மடி நிறையக் காயி, கீழ தெருக்கூட்டறவங்க வெறும் சோத்தத் திங்கறாங்க. இது நல்லா இருக்கா? எந்திரிச்சுப் போகச் சொல்லல. கொஞ்சம் உள்ள நகருங்க. பின்னாடி பாருங்க, தூண். எவ்வளவு பெருசு! வெயில் படாது, மழை விழாது, எவனும் வெட்ட மாட்டான். அங்க உக்காருங்க. இந்த மரத்தை மட்டும் சாப்பிடறவங்களுக்கு விட்டுடுங்க."

விளக்கு பச்சையானது. ஊதுபத்தி பாதிகூட எரியவில்லை. ஊதுபத்தி அணைவதற்குள் தொட்டால் கேட்டதாகக் கணக்கில்லை. பின்னால் கார்கள் அலறத் தொடங்கின. பிரசோப் ஒரு கணம் யோசித்தார். பிறகு எஞ்சினை அணைத்து, இறங்கிப் போய் முன்மூடியைத் திறந்து, கவலையோடு உள்ளே எட்டிப் பார்த்தார். சிவப்புப் பேருந்து நடுரோட்டில் நின்றுபோவதை இந்த ஊரில் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? கார்கள் திட்டிக்கொண்டே சுற்றிப் போயின. பயணிகள் ஒவ்வொருவராக இறங்கிவந்து, ஊதுபத்தி எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசிச் சாம்பல் விழுந்தது. காற்றில்லை, ஒன்றுமில்லை. தாயார் சம்மதித்தார் என்று சொல்வதற்கும் அடையாளமில்லை, மாட்டேன் என்றார் என்று சொல்வதற்கும் அடையாளமில்லை. சம்லி எழுந்தாள். முடிச்சில் கை வைத்தாள். ஒன்று, இரண்டு என்று பதினோரு துணிகளையும் அவிழ்த்து, அடியில் நிறம் மங்கிக் கிடந்த பன்னிரண்டாவதை, தன்னுடையதை, எடுத்தாள்.

அதைத் தூணில் சுற்றினால் கால்வாசிகூட வரவில்லை. பப்பாளி இடுப்புக்கு வாங்கிய துணி விரைவுச்சாலைத் தூணுக்கு எப்படிக் காணும்? எல்லோரும் திகைத்து நின்றபோது, ஜியாப்தான் மற்றத் துணிகளை எடுத்து ஒன்றோடொன்று முடிச்சுப்போடத் தொடங்கினாள்.

"அடப்பாவி அக்கா! எங்க எல்லாரையும் ஏமாத்திட்டியே!" என்று திட்டிக்கொண்டே முடிந்தாள். "இந்த நுனியப் புடி. இறுக்கிப் புடி!"

மறுநுனியைப் பிடித்துக்கொண்டு தூணைச் சுற்றி ஓடியவர், வம்பு வேண்டாம் என்று சொன்ன பிரசோப். பன்னிரண்டு துணியும் சேர்ந்து சரியாக ஒரு சுற்று வந்தது. சம்லி குழலைத் திறந்து ஒரு டிக்கெட்டைக் கிழித்துத் துணிக்குள் செருகினாள். அவள் கிழித்த கடைசி டிக்கெட் அதுதான். அப்போதுதான் ஜியாப் அண்ணாந்து பார்த்தாள். தூணின் மேல், கட்டியவர்கள் எழுதிவிட்டுப் போன எண் வெள்ளைப் பெயிண்டில் பளிச்சென்று இருந்தது: 47.

"கண்ணுக்கு முன்னாடியே இருந்திருக்கே!" என்று ஒருவர் கூவினார். அவ்வளவுதான், கூட்டம் தூணைச் சூழ்ந்துகொண்டது. பப்பாளியை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சம்லி நிம்மதியாக மூன்று காய் பறித்தாள். காம்பிலிருந்து பால் சொட்டி மணிக்கட்டில் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

பணிமனையில் இடித்தார்கள். அன்று டீசல் என்று கேலி செய்தவளுக்குத்தான் முதல் கரண்டி. காரத்தில் அவள் கண் கலங்கி, "டீசல் வாடையே இல்லையேடி" என்றாள். ஊறிய மீன் என்றாலே முகத்தைத் திருப்பும் பிரசோப் மூன்று தட்டு தின்றார். மேலாளர் ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தார். குழலைத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னார்கள். அது பணிமனைச் சொத்து. கடைசி அறையில் மிச்சமிருந்த விதைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டிக்கொண்டு கொடுக்கப் போனாள். இடுக்கில் சிக்கிய ஒரு மிளகாய் விதையை எடுக்கத் திருப்புளியைத் தேடியபோதுதான் அழுகை வந்தது. நன்றாகவே அழுதாள்.

தூண் எண் லாட்டரியில் விழவில்லை. அதற்காக யாரும் தாயாரைக் கைவிடவில்லை. அடுத்த முறை விழும்.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் சம்லி புதுப் பேருந்தில் பயணியாக வந்து அந்த நிறுத்தத்தில் இறங்கினாள். புல் கத்தரித்திருந்தது. பப்பாளி நின்றது. பக்கத்தில் இன்னும் இரண்டு கன்றுகள், அவள் நடாதவை, யாரோ நட்டவை. மரத்தில் ஒரு காய் மஞ்சள் தட்டியிருந்தது. கையை நீட்டினாள்.

"ஏய், ஏய்! எடுத்த எடுப்புல கை வைக்காதீங்க!"

தூண் நிழலிலிருந்து தெருக்கூட்டும் பெண் ஒருத்தி துடைப்பத்தோடு எழுந்துவந்தாள். சம்லி அவளை முன்பு பார்த்ததில்லை. "தாயாருக்கு முதல்ல காட்டணும். பத்தி கொளுத்தி வச்சு, அணையற வரைக்கும் இருந்து, எடுத்துக்கறேன்னு கேட்டுட்டுத்தான் சாப்பிடணும். எங்க வழக்கம் தெரியாதா? எந்த ஊருக்காரங்க நீங்க?"

"தெரியாம பண்ணிட்டேன்மா" என்றாள் சம்லி. "யாரு நட்ட மரம் இது?"

"யாரு நட்டா என்ன? தாயாரு குடுக்கறாங்க, நாங்க திங்கறோம்."

சம்லி காயைப் பறித்துத் தூணின் முன் வைத்தாள். ஊதுபத்தி கேட்டு வாங்கிக் கொளுத்தினாள். அங்கே ஏற்கெனவே இரண்டு மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்கள் தங்கள் பத்தி அணையக் காத்திருந்தார்கள். ஓரத்தில் மிஷினைக் கீழே போட்டுவிட்டு, மடியில் ஒரு பப்பாளியோடு மேஸ்திரி தவியும் காத்திருந்தான். துணிக்குள் அவள் செருகிய டிக்கெட் வெளுத்துப்போய் அப்படியே இருந்தது. வெயில் சுள்ளென்று அவள் முதுகில் அடித்தது.

"ஏன்க்கா வெயில்ல நிக்கறீங்க?" என்றாள் தெருக்கூட்டும் பெண். உட்கார்ந்திருந்தவர்களைத் துடைப்பக் கட்டையால் தட்டினாள். "உள்ள நகருங்க, உள்ள நகருங்க. வாங்கக்கா, இடம் இருக்கு."

முப்பத்தொரு வருடத்தில் அதை அவளிடம் ஒருவரும் சொன்னதில்லை. சம்லி செருப்பைக் கழற்றிவிட்டு, மண்ணில் கால் வைத்து, உள்ளே நகர்ந்து உட்கார்ந்தாள்.